3,500 சொற்களும் ஒரு கோடிட்ட இடமும்

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கப் போகிறேன் என்று சொல்லும் ஓர் இன்ஜினீயரிங் மாணவரின் ஆங்கிலச் சொல் நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். முதல் பத்துப் பக்கம் மஞ்சள் மார்க்கரில் மினுங்கும். அபேட் – தணிதல். அபெரன்ட் – இயல்புக்கு மாறான. அபேயன்ஸ் – நிறுத்திவைப்பு. அப்ஸ்காண்ட் – தலைமறைவாதல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடிக்கோடு. 'பி' வரிசைக்கு வரும்போது மார்க்கர் காணாமல் போயிருக்கும். 'சி'யில் கையெழுத்து சாயத் தொடங்கும். 'டி'யில் நான்கு சொற்கள். அதற்குப் பிறகு வெள்ளைத் தாள்.

இந்த நோட்டுக்குச் சொந்தக்காரர் சோம்பேறி இல்லை. எட்டு செமஸ்டரையும் அரியர் இல்லாமல் தாண்டியவர். சீனியர் கைமாற்றிக் கொடுத்த தடித்த புத்தகத்தை நம்பி, காலை ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்தவர். அவர் உழைப்பில் குறை கிடையாது. அவரிடம் கொடுக்கப்பட்ட வேலைதான் பழையது. ஜிஆர்இ தேர்வு, சொற்களைத் தனித்தனியாக எடுத்துப் பொருள் கேட்பதை 2011லேயே கைவிட்டுவிட்டது. ஒரு சொல் வாக்கியத்துக்குள் என்ன வேலை செய்கிறது என்பதைத்தான் அன்றிலிருந்து சோதிக்கிறது. நம் பிள்ளைகளின் நோட்டு மட்டும் அந்தப் பழைய தேர்வுக்கே இன்னமும் தயாராகிக்கொண்டிருக்கிறது.

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள், மொழித்திறனைச் சோதிக்கும் வெர்பல் பகுதி என்றதும் தயங்கி நிற்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. "எனக்கு இங்கிலீஷ் வராது சார்" என்று ஒரே வாக்கியத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அந்தக் கதவு அவ்வளவு கனமானதில்லை. அது எப்படி வந்தது, இப்போது எப்படித் திறக்கிறது என்பதை விளக்கிச் சொல்ல அவர்களுக்கு ஆளில்லை.

படகுப் போட்டியும் ஏழைப் பிள்ளையும்

இந்தச் சொற்பட்டியல் கலாசாரத்தின் வேர், இளநிலைப் படிப்புக்கான எஸ்ஏடி தேர்வில் இருக்கிறது. 1926 ஜூன் 23 அன்று அமெரிக்காவில் 8,040 பேர் அதை முதன்முதலாக எழுதினார்கள். 97 நிமிடங்களில் 315 வினாக்கள். வடிவமைத்தவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் கார்ல் பிரிகாம். முதல் உலகப் போரின்போது ராணுவத்துக்கு ஆள் பிரிக்க நடத்திய அறிவுச் சோதனைகளில் பணியாற்றியவர். அந்த மதிப்பெண்களை வைத்து, சில இனத்தார் பிறவியிலேயே அறிவில் குறைந்தவர்கள் என்று 1923இல் ஒரு புத்தகமும் எழுதினார். 1930இல் தன் முடிவு ஆதாரமற்றது என்று அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டார். அதற்குள் தேர்வு வேரூன்றிவிட்டது.

முதுநிலைப் படிப்புக்கான ஜிஆர்இ 1936இல், கார்னகி அறக்கட்டளையும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்த முயற்சியாகத் தொடங்கியது. 1947இல் உருவான இடிஎஸ் நிறுவனம் அடுத்த ஆண்டே அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. இன்றுவரை அதை நடத்துவது அந்த நிறுவனம்தான்.

இரண்டு தேர்வுகளிலும் பல காலம் கோலோச்சியவை இரண்டு வகை வினாக்கள். ஒரு சொல்லைக் கொடுத்து எதிர்ச்சொல் கேட்பது ஒன்று. ஒரு சொல் இணையைக் கொடுத்து, அதே உறவுள்ள இன்னோர் இணையைக் கேட்பது மற்றொன்று. இரண்டுக்கும் சுற்றிலும் வாக்கியம் கிடையாது. சொல் தெரிந்தால் மதிப்பெண். தெரியாவிட்டால் ஊகிக்கக்கூட வழியில்லை. அமெரிக்காவில் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் வினா ஒன்று உண்டு. ஓட்டக்காரருக்கு மாரத்தான் எப்படியோ, துடுப்புப் படகு வலிப்பவருக்கு எது அப்படி? விடை, ரெகட்டா. அதாவது படகுப் போட்டி. படகுக் கிளப்பில் உறுப்பினராக இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அது வீட்டில் புழங்கும் சொல். நகரத்தின் ஏழைத் தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு அதைக் கேள்விப்பட வாய்ப்பே இல்லை. இது அறிவைச் சோதிக்கிறதா, அப்பாவின் வருமானத்தைச் சோதிக்கிறதா என்று கல்வியாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

எஸ்ஏடி 1994இல் எதிர்ச்சொல்லை நீக்கியது. 2005இல் சொல் இணைகள் போயின. 2016இல், ஃப்ளாஷ் கார்டில் மட்டுமே வாழும் அபூர்வச் சொற்களுக்கு இனி வேலையில்லை என்று சொல்லி, பழைய வடிவத்துக் கோடிட்ட இடங்களையும் எடுத்துவிட்டார்கள். ஜிஆர்இ, 2011 ஆகஸ்டில் எதிர்ச்சொல், சொல் இணை இரண்டையும் ஒரே நாளில் வழியனுப்பியது. 2023 செப்டம்பரில் தேர்வின் நீளமும் பாதிக்குப் பாதியாகி, 1 மணி 58 நிமிடத்துக்கு வந்துவிட்டது. அதில் வெர்பல் பகுதி 27 வினாக்கள், 41 நிமிடங்கள். ஏறக்குறைய பாதி, பத்தி வாசித்துப் பதில் சொல்வது. மீதி, கோடிட்ட இடங்கள்.

தேர்வு மாறியது. பட்டியல் மாறவில்லை. பாரன்ஸ் நிறுவனத்தின் ஜிஆர்இ கையேட்டில் பல பதிப்புகளாக வந்த ஏறத்தாழ 3,500 சொற்களின் பட்டியல், புத்தகமாகவும் பிடிஎஃப் கோப்பாகவும் ஹாஸ்டல் ஹாஸ்டலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஒரு வினாவைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

ஜிஆர்இ பாணியில் நானே அமைத்த வினா இது. தேர்வில் ஆங்கிலத்தில் வரும். வாக்கியத்தை மட்டும் தமிழில் தருகிறேன்.

"அந்த ஆய்வாளர் தன் முடிவை வெளியிட்ட கையோடு அதை ______ செய்தார்: மாதிரிகள் ஒரே ஊரில் எடுக்கப்பட்டவை என்பதால், வேறு இடங்களுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று கொள்ள வேண்டாம் என்றார்."

கொடுக்கப்பட்ட சொற்கள்: ஆம்ப்ளிஃபை, ரிபூடியேட், குவாலிஃபை, எக்ஸ்டால், ஃபேப்ரிகேட்.

பட்டியல் படித்தவருக்கு ரிபூடியேட் தெரியும்: முற்றிலும் மறுத்தல். எக்ஸ்டால் தெரியும்: புகழ்தல். ஃபேப்ரிகேட் தெரியும்: இட்டுக்கட்டுதல். குவாலிஃபை? அது ஒன்பதாம் வகுப்பிலேயே தெரிந்த சொல், 'தகுதி பெறுதல்'. இவ்வளவு எளிய சொல் ஜிஆர்இயில் விடையாக வருமா என்று அதைத் தாண்டிப் போய் ரிபூடியேட்டைத் தேர்ந்தெடுப்பார். வாக்கியத்திலும் ஏதோ மறுப்புத் தொனி இருக்கிறதே!

ஆனால், வெளியிட்ட கையோடு தன் முடிவையே முற்றிலும் மறுப்பவர் அதை எதற்காக வெளியிட வேண்டும்? அவர் செய்தது வேறு. "இந்த எல்லைக்குள் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தன் கூற்றுக்கு வரம்பு கட்டினார். அதற்கு ஆங்கிலத்தில் குவாலிஃபை என்றுதான் சொல்வார்கள். ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துப் பழகியவருக்கு இந்தப் பொருள்தான் முதலில் நினைவுக்கு வரும்.

இந்த வினாவுக்கு விடை காணும் ஒழுங்கான வழியில் ஆங்கிலச் சொற்கள் கடைசியாகத்தான் வருகின்றன. முதலில் விடைகளைக் கையால் மறைத்துவிட வேண்டும். வாக்கியத்தின் நடுவில் இருக்கும் முக்காற்புள்ளியைப் பார்க்க வேண்டும். பின்னால் வருவது முன்னால் வந்ததற்கு விளக்கம் என்று அது சொல்கிறது. பிறகு கோடிட்ட இடத்தில் தமிழிலேயே ஒரு சொல்லை வைத்துப் பார்க்க வேண்டும். 'வரம்பு கட்டினார்', 'எச்சரித்தார்', 'அடக்கி வாசித்தார்' எது வந்தாலும் சரி. அதற்கு அப்புறம்தான் கையை எடுத்து, ஐந்தில் எது அதற்குக் கிட்டே வருகிறது என்று பார்ப்பது. 'ஆல்தோ' வந்தால் வாக்கியம் திரும்பப் போகிறது. 'ஹென்ஸ்' வந்தால் அதே திசையில் போகிறது. 'ஆல்பீட்' என்ற சின்னச் சொல் 'ஆனாலும்' என்று காதில் கிசுகிசுக்கிறது. மனதில் எத்தனை சொற்கள் இருந்தாலும், இந்தத் திருப்பங்களைக் கவனிக்காதவர் வழி தவறிவிடுவார். இரண்டு, மூன்று இடங்கள் விட்டிருக்கும் வினாவில் ஒன்று தவறினாலும் மதிப்பெண் பூஜ்யம். மூன்று இடங்களுக்கும் ஊகத்தில் குறி வைத்தால் சரியாக அமைய 27இல் ஒரு வாய்ப்புதான்.

இன்னொரு வகையில் ஆறு சொற்களைக் கொடுத்து, ஒரே கோடிட்ட இடத்துக்குப் பொருந்தும் இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். இரண்டையும் தனித்தனியே வைத்தாலும் வாக்கியம் ஒரே பொருள் தர வேண்டும். மனப்பாடக்காரர் ஆறு சொற்களைப் பார்த்ததும் ஒத்த சொல் இணையைத் தேடி எடுத்துவிடுவார். அந்த இணை, வாக்கியத்துக்குப் பொருந்தாத இணையாகவே பல நேரம் இருக்கும். வினா அமைப்பவர்கள் வேண்டுமென்றே வைக்கும் பொறி அது.

எளிய சொல்லின் மறுமுகம்

கடினமான சொற்களைவிட, தெரிந்த சொற்களின் தெரியாத பொருள்கள்தான் இந்தத் தேர்வில் அதிகம் காயப்படுத்துகின்றன. ஃப்ளாக் என்றால் கொடி. வினைச்சொல்லாக வந்தால் சோர்ந்து தளர்தல். செக் வங்கியில் கொடுப்பது. வினையாக வந்தால் கட்டுப்படுத்துதல். வான்ட், பெயர்ச்சொல்லாக வந்தால் இல்லாமை. அப்ரோப்ரியேட், 'பொருத்தமான' என்பதோடு 'தனதாக்கிக்கொள்ளுதல்' என்றும் பொருள் தரும். சாங்ஷன், ஓரிடத்தில் அனுமதி. இன்னோரிடத்தில் தண்டனைத் தடை. டிஸ்இன்டரஸ்டட் என்று வந்தால் ஆர்வமற்றவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சொந்த லாப நஷ்டம் இல்லாத நடுநிலையாளர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நீதிபதி அப்படித்தான் இருக்க வேண்டும்.

தோற்றத்தால் ஏமாற்றும் சொற்களும் உண்டு. எனர்வேட் என்பதில் எனர்ஜி ஒலிக்கிறது; பொருள் சக்தியை உறிஞ்சிவிடுதல். நாய்சம் என்பதற்கும் சத்தத்துக்கும் தொடர்பில்லை. துர்நாற்றம் என்று பொருள். ரெஸ்டிவ் என்றால் ஓய்வாக இருப்பவர் என்று தோன்றும். கட்டுக்கு அடங்காமல் பொறுமையிழந்து தவிப்பவர் என்று அர்த்தம். லத்தீன், கிரேக்க வேர்களைப் படித்தால் போதும் என்று சொல்லும் வகுப்புகளில் இந்தச் சொற்களை முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். வேர்கள் பயனுள்ளவைதாம். பேச்சைக் குறிக்கும் 'லோக்' என்ற லத்தீன் வேர் தெரிந்தால் லொக்வேஷியஸ், எலோக்வன்ட், கொலோக்வியல், சொலிலொக்வி எல்லாம் ஒரே குடும்பமாக வந்து நிற்கும். 1949இல் வெளிவந்து, நம் ஊர் நடைபாதைக் கடைகளில் இன்றும் விற்கும் நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இந்த வழியில்தான் லட்சக்கணக்கானோருக்கு ஆங்கிலச் சொல் கற்றுக்கொடுத்தது. ஆனால் வேர் தருவது ஓர் ஊகம். அதைச் சரிபார்க்க வாக்கியம் வேண்டும்.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்பது நமக்குப் புதிதா? திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிகண்டை நெட்டுருப் போட்டவர்கள். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி முழுக்க 'ஒருசொற் பல்பொருள்' பற்றியது. 'மா' என்றால் மரம், விலங்கு, குதிரை, பெரியது என்று ஒரு சொல்லின் எல்லா முகங்களையும், நினைவில் நிற்பதற்காக எதுகை வரிசையில் பாட்டாகக் கோத்து வைத்தார்கள். மனப்பாடத்தைக் கேலி செய்யும் இன்றைய கல்விப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இந்த மரபே காரணம். அந்தப் பிள்ளைகள் நிகண்டோடு நிற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்து அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். நிகண்டில் மனப்பாடமான சொல், செய்யுளுக்குள் உயிரோடு எதிர்ப்பட்டது. நாம் ஆங்கிலத்துக்கு நிகண்டை மட்டும் எடுத்துக்கொண்டு செய்யுளை விட்டுவிட்டோம்.

தமிழை வெளியே நிறுத்தாதீர்கள்

"இங்கிலீஷ்லயே யோசிங்க" என்பது பயிற்சி வகுப்புகளில் வாடிக்கையாகச் சொல்லப்படும் அறிவுரை. பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் தமிழில் யோசித்தவரிடம் அப்படிச் சொல்வது, அவர் கையில் இருக்கும் மிகப் பெரிய சொத்தைப் பிடுங்கி வைத்துவிட்டுப் போட்டிக்கு அனுப்புவது. சொற்களின் நிழல் வேறுபாட்டை அவர் ஏற்கெனவே தமிழில் நுட்பமாக அறிவார்.

சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் வித்தியாசம் தெரியாத தமிழர் உண்டா? ஃப்ரூகல் என்றால் சிக்கனம், பாராட்டு. பார்சிமோனியஸ் என்றால் கஞ்சத்தனம், ஏச்சு. அகராதியில் இரண்டுக்கும் 'செலவைக் குறைக்கும்' என்று ஒரே மாதிரி எழுதியிருக்கலாம். தேர்வில் இரண்டையும் மாற்றி வைத்தால் விடை தவறு. "என் பாட்டி ஃப்ரூகல், பக்கத்து வீட்டு மாமா பார்சிமோனியஸ்" என்று ஒரு முறை எழுதிவிட்டால் இந்த வேறுபாடு ஆயுளுக்கும் மறக்காது. விடாப்பிடியான உழைப்பு டெனேஷியஸ். சொன்னதையே சொல்லும் பிடிவாதம் ஆப்ஸ்டினேட். மரியாதை காட்டுபவர் டெஃபரன்ஷியல். தலைவர் காரிலிருந்து இறங்கும் முன்பே குழைந்து வளைந்து கும்பிடுபவர் ஆப்சீக்வியஸ். இந்தச் சொல்லுக்கு 'பணிவான' என்று மட்டும் குறித்துவைக்கும் நோட்டுகள் எத்தனையோ! பணிவு நற்குணம், ஆப்சீக்வியஸ் என்று சொன்னால் திட்டு. சொல்லின் பக்கத்தில் ஒரு பிளஸ் அல்லது மைனஸ் குறி போட்டிருந்தாலே இந்தத் தவறு நேராது. பொருள் சரியாக நினைவில்லாதபோதும் அந்தக் குறி பாதி விடையைக் கழித்துவிடும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். அபூர்வச் சொற்களின் பக்கம் போவதற்கு முன், கல்விசார் உரைநடையின் அன்றாடச் சொற்களைக் கைவசப்படுத்துங்கள். நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஏவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொல் குடும்பங்கள்தாம் இருக்கின்றன. எந்தத் துறைப் பாடநூலானாலும் அதன் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகிறது. இன்ஃபர், அட்ரிபியூட், அம்பிகுவஸ், ஆர்பிட்ரரி, இன்ஹெரன்ட் போன்ற சொற்கள் அவை. வாசிப்புப் பகுதியின் பத்தியில் மட்டுமல்லாமல், வினாவிலேயே இத்தகைய சொற்கள் வரும். வினாவே புரியாதவருக்கு மற்ற 3,000 சொற்களால் என்ன பயன்? இந்தப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்தக் கோச்சிங் சென்டருக்கும் கட்டணம் கட்டத் தேவையில்லை.

செருப்பு டப்பா வைத்தியம்

மறதியைப் பற்றி முதலில் அளந்து சொன்னவர் ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்து 1885இல் வெளியிட்டார். மறுபடி படிக்கும்போது மிச்சமாகும் உழைப்புதான் அவர் கையாண்ட அளவுகோல். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கு, ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சியது. ஆக, ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் 200 சொற்கள் படிக்கும் மாணவர் புதன்கிழமைக்குள் எல்லாம் மறந்துவிட்டதென்று புலம்பினால் அது அவருடைய குறைபாடு இல்லை. மனித மூளை அப்படித்தான் வேலை செய்கிறது.

இதற்கு மருந்து, மறக்கப் போகும் நேரம் பார்த்து நினைவுபடுத்திக்கொள்வது. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் 1970களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு பெட்டியைச் சொன்னார். ஒரு செருப்பு டப்பாவை எடுத்து, அட்டையால் ஐந்து தடுப்பாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புதிய சொல் அட்டைகள் முதல் தடுப்பில். தினமும் அவற்றை எடுத்துப் பாருங்கள். சரியாகச் சொன்ன அட்டை இரண்டாவது தடுப்புக்குப் போகும். அதை மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அடுத்த தடுப்பு வாரத்துக்கு ஒருமுறை. அடுத்தது இரண்டு வாரம், கடைசி மாதம். எந்தத் தடுப்பில் தவறினாலும் அட்டை மறுபடி முதல் தடுப்புக்கே வர வேண்டும். நன்றாகத் தெரிந்த சொல் நேரத்தைத் தின்னாது. அடம்பிடிக்கும் சொல் தினமும் கண்ணில் படும். இதையே கணினி தானாகக் கணக்குப் போட்டுச் செய்யும் 'அங்கி' செயலி 2006இல் வந்தது. கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இலவசம். டப்பாவா, செயலியா என்பது அவரவர் விருப்பம். கையால் எழுதுபவர்களுக்கு டப்பா நல்லது என்பது என் எண்ணம்.

அட்டையில் என்ன எழுதுவது என்பதில்தான் சூட்சுமம். முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள் என்று எழுதினால் பழைய பட்டியலையே துண்டு போட்டதாகும். முன்பக்கத்தில் அந்தச் சொல்லை நீங்கள் சந்தித்த வாக்கியத்தை, சொல்லுக்குப் பதில் கோடிட்டு எழுதுங்கள். "காற்றின் வேகம் ______ ஆன பிறகுதான் படகுகள் கடலுக்குக் கிளம்பின" என்பது போல, ஆங்கிலத்தில். பின்பக்கத்தில் அபேட், தமிழில் 'தணிதல்', எதற்கெல்லாம் வரும் என்ற குறிப்பு: காற்று, காய்ச்சல், கோபம், வெள்ளம். அதன் கீழே உங்கள் சொந்த வாக்கியம் ஒன்று. அட்டையைத் திருப்பும் முன் விடையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது முக்கியம். செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில், வாசிப்பைக் குறைத்துக்கொண்டு தங்களைத் தாங்களே சோதித்துப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். மஞ்சள் மார்க்கர் தரும் தன்னம்பிக்கை அந்த ஐந்து நிமிடத்துக்கானது.

அகர வரிசையைத் தூக்கி எறியுங்கள். அபேட், அபேஸ், அபாஷ், அபெட் என்று முகஜாடை ஒத்த சொற்களை ஒரே நாளில் படித்தால் ஒன்றோடொன்று குழம்பும். ஒத்த பொருள் சொற்களையும் முதல் சந்திப்பில் சேர்த்துப் படிக்காதீர்கள். அதுவும் குழப்பம் தருவதைச் சொல் கற்றல் பற்றிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தனித்தனியாக அறிமுகமாகி, கொஞ்சம் பழகிய பிறகு, சிக்கனத்தையும் கஞ்சத்தனத்தையும் போல எதிரெதிரே நிறுத்தி ஒப்பிடலாம். நாளைக்கு எட்டு அல்லது பத்துப் புதிய சொற்கள் போதும். நான்கு மாதத்தில் ஆயிரத்தை ஒட்டிவிடும். ஆயிரம் சொற்கள், அவற்றின் நிழல்களோடும் மறுமுகங்களோடும், இந்தத் தேர்வுக்குத் தாராளம்.

எதை வாசிப்பது?

ஆங்கில நூலொன்றை அகராதி இல்லாமல் வாசிக்க, அதன் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் பால் நேஷனின் அளவுகோல். அதற்கு எட்டாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் சொல் குடும்பங்கள் தேவை என்று 2006இல் அவர் கணக்கிட்டார். இவ்வளவையும் அட்டையில் எழுதி முடிக்க முடியாது. வாசிப்பில்தான் சேரும். ஒருமுறை கண்ணில் பட்டதும் சொல் ஒட்டிக்கொள்வதில்லை. வேறு வேறு இடங்களில் பல முறை எதிர்ப்பட வேண்டும்.

தினமும் நாளிதழ் தலையங்கம் படிக்கச் சொல்வது நல்ல அறிவுரைதான், ஆனால் பாதி அறிவுரை. வங்கித் தேர்வுகளுக்கு அது உதவும். ஜிஆர்இ பத்திகள் அரசியல் செய்தியைப் போல இருப்பதில்லை. பறவைகளின் இடப்பெயர்வு, ஓர் ஓவியரைப் பற்றிய இருவேறு கருத்து, பழைய பொருளாதாரக் கோட்பாட்டுக்கு வந்த மறுப்பு என்று போகும். அந்த நடைக்குப் பழக ஸ்மித்சோனியன், சயின்டிஃபிக் அமெரிக்கன் போன்ற இதழ்களின் நீண்ட கட்டுரைகள் ஏற்றவை. நம் நாட்டு எழுத்தில் அமர்த்தியா சென்னின் 'தி ஆர்க்யுமென்டேட்டிவ் இண்டியன்', ஏ.கே. ராமானுஜனின் கட்டுரைகள், ராமச்சந்திர குஹாவின் வரலாற்று நூல்கள். ஆர்.கே. நாராயணைப் படியுங்கள், மகிழ்ச்சிக்காக. அவருடைய எளிய நடையில் தேர்வுச் சொற்கள் அதிகம் கிடைக்காது.

நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்யும் ஒருவர் மா. கிருஷ்ணன். தமிழ் நாவல் முன்னோடிகளில் ஒருவரான அ. மாதவையாவின் மகன். 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இலிருந்து 1996இல் இறக்கும் வரை இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதியவர். தமிழிலும் எழுதியவர். நமக்குத் தெரிந்த காக்கையையும் அணிலையும் மரங்களையும் பற்றி அவர் எழுதும்போது, தெரியாத ஆங்கிலச் சொல் தெரிந்த காட்சிக்கு நடுவில் வந்து நிற்கிறது. பொருளைக் காட்சியே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. அவருடைய பத்திகள் தொகுப்புகளாக வந்திருக்கின்றன. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூர் கன்னிமாரா, மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய நூலகங்களில் இத்தகைய ஆங்கில நூல்களைத் தேடலாம். உட்கார்ந்து படிக்கக் காசு கேட்பதில்லை.

வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைத் திறக்க வேண்டாம். பத்தி முடியும் வரை போய், ஊகித்து, பிறகு பாருங்கள். ஒரு கட்டுரைக்கு மூன்று அட்டை போதும்.

கொரோனாவுக்குப் பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் பல துறைகளுக்கு ஜிஆர்இ கட்டாயமில்லை என்று அறிவித்தன. அதனால் இந்த உழைப்பெல்லாம் வீண் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் இளநிலைப் பக்கம் காற்று திரும்பியிருக்கிறது: எம்ஐடி 2022இல் எஸ்ஏடி மதிப்பெண்ணை மறுபடி கேட்கத் தொடங்கியது, டார்ட்மத், யேல், ஹார்வர்டு மூன்றும் 2024இல் தேர்வு மதிப்பெண்ணைத் திரும்பக் கட்டாயமாக்குவதாக அறிவித்தன. நுழைவுத் தேர்வு போனாலும் வந்தாலும், அங்கே போய்ச் சேரும் மாணவர் முதல் வாரத்திலேயே முப்பது பக்க ஆய்வுக் கட்டுரையைப் படித்து, அதன் ஆசிரியர் எங்கே உறுதியாகச் சொல்கிறார், எங்கே வரம்பு கட்டுகிறார் என்று வகுப்பில் பேச வேண்டியிருக்கும்.

இந்தத் தயாரிப்பை ஏழாவது செமஸ்டர் வரை தள்ளிப்போடுவதுதான் நம் கல்லூரிகளில் நடக்கும் பெரிய அநியாயம். முதலாண்டில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்கிறது. பெரும்பாலும் பழைய வினாத்தாளைப் பார்த்து எழுதித் தேறிவிடுகிறார்கள். அந்த வகுப்பில் தொடங்கி மூன்றாம் ஆண்டு வரை வாரந்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒரு நல்ல அறிவியல் கட்டுரையை ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்து வாசித்தால், மூன்று ஆண்டில் நூறு கட்டுரைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கட்டுரைக்கு மூன்று அட்டை என்று வைத்தாலும் முந்நூறு சொற்கள், வாக்கியத்தோடு. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத மாணவருக்கு இது மட்டும்தான் கிடைக்கக்கூடிய வகுப்பு. அறை இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், முதலாண்டுக் கால அட்டவணையில் அந்த மணி நேரமும் ஏற்கெனவே இருக்கிறது. கல்லூரி முதல்வர்கள் இந்த ஜூலையிலேயே தொடங்கலாம்.